வெடிப்புகையும் பாக்குத் துவர்ப்பும்: விஸ்கியின் ருசியைத் தமிழில் சொல்வது பற்றி

கோலார் தங்கவயலில், பாலகாட் பக்கத்து லைன் வீடு ஒன்றின் பின்வாசலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம். நடுவில் மூன்று சரக்கு: அம்ருத் ஃப்யூஷன் ஒரு பாட்டில், பால் ஜான் போல்ட் ஒரு பாட்டில், ஒரிஜினல் சாய்ஸ் 90 மி.லி. டெட்ரா பாக்கெட் ஒன்று. மூன்று பையன்கள் மாரிக்குப்பம் ரயிலில் தினம் பெங்களூர் போய் வருகிறவர்கள். நாலாவது ஆள் நான். ஐந்தாவது என் மாமா. சாம்பியன் ரீஃபில் முப்பது வருஷம் அண்டர்கிரவுண்ட் வேலை பார்த்தவர். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கக் கம்பெனியை மூடியபோது வெளியே வந்தவர்களில் ஒருவர்.

பையன்கள் போல்டை முகர்ந்து, போனில் படித்து வைத்திருந்த சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்கள். ஹனி என்றான் ஒருவன். ஸ்மோக்கி என்றான் இன்னொருவன். மூன்றாமவன் ஹெதர் என்றான். அந்தப் பூவை அவன் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. மாமா எவர்சில்வர் டம்ளரை மூக்குக்குக் கீழே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "பிளாஸ்டிங் முடிஞ்சு, புகை போனப்புறம் உள்ள எறங்குவோம் பாரு, அப்ப ஒரு வாசனை கீது. நனைஞ்ச மரத்துல புகை ஏறின மாதிரி. அதான் இது."

இந்தக் கட்டுரையே அந்த ஒரு வாக்கியத்தால் வந்தது. மற்ற மூவரும் சொன்னது படித்த பாடம். மாமா சொன்னதுதான் ருசித்ததைப் பற்றியது. ஆனால் அப்படி ஒரு பேச்சு தன்னிடமும் இருக்கிறது என்று அவருக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. குடிப்பதைப் பற்றித் தமிழில் நிறையப் பேசுகிறோம். குடித்தது எப்படி இருந்தது என்று ஏன் பேசுவதில்லை என்பதே கேள்வி.

முதலில் அந்தப் போன் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்துவிடலாம். விஸ்கி ருசியை வகைப்படுத்தும் சக்கரம் ஒன்றை ஸ்காட்லாந்தின் ஆய்வுக்கூடத்துக்காரர்கள் 1970களின் கடைசியில் வரைந்தார்கள். அது ஆலைக்குள் வேலை செய்கிறவர்களுக்கானது. ஒரு பீப்பாயில் கோளாறு வந்தால் 'ஏதோ சரியில்லை' என்று சொல்லாமல், அழுகின முட்டை வாசனையா ஈர அட்டை வாசனையா என்று குறித்துக்கொள்ள ஒரு பொதுச்சொல் வேண்டியிருந்தது. அந்தப் பேச்சை வெளியே, குடிக்கிறவர்கள் கூட்டத்துக்குக் கொண்டுவந்ததில் மைக்கேல் ஜாக்சன் என்ற ஆங்கில எழுத்தாளருக்குப் பெரிய பங்கு உண்டு. பாடகர் இல்லை, பீரும் விஸ்கியும் எழுதியே பேர் வாங்கி 2007-ல் இறந்தவர். 1989-ல் வந்த அவருடைய மால்ட் விஸ்கி கையேடு ஒவ்வொரு பாட்டிலுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போட்டது. பிறகு வந்த ரசிகர் வட்டங்கள் அத்தனையும், இந்தியாவில் முளைத்தவை உட்பட, அந்தப் பாணியில்தான் பேசுகின்றன: முதலில் மூக்கு, அப்புறம் நாக்கு, கடைசியில் தொண்டையில் நிற்கும் மிச்சம், அதற்குப் பிறகு மார்க்.

மார்க் விஷயத்தில் எனக்குத் துளியும் மரியாதை கிடையாது. ஒரு மனிதன் 91க்கும் 92க்கும் நடுவில் வித்தியாசம் கண்டேன் என்றால், அவன் காலையில் என்ன டிபன் சாப்பிட்டான் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. ஆனால் மூக்கு, நாக்கு, மிச்சம் என்ற வரிசை பொய்யில்லை. பலர் நினைக்கிற மாதிரி அது வெறும் பீற்றலும் இல்லை.

காரணம் சரக்குக்குள்ளேயே இருக்கிறது. பார்லி ஊறல் புளிக்கும்போது ஈஸ்ட் உண்டாக்கும் பொருள்களில் ஐசோஅமைல் அசிடேட் ஒன்று; வாழைப்பழத்துக்கு வாழைப்பழ வாசனை தருவதும் அதேதான். அமெரிக்க ஓக் பீப்பாயிலிருந்து ஊறி வரும் லாக்டோன் தேங்காய் மணம் உடையது. மரத்தின் லிக்னின் சிதைவதால் வெனிலின் வருகிறது, யூஜினால் வருகிறது. யூஜினால் என்றால் வேறொன்றுமில்லை, கிராம்பைக் கடித்தால் பல்லை மரக்கச் செய்கிற சரக்கு. பீப்பாயின் உட்புறத்தைத் தீயில் கருக்குவதால் வெல்லப்பாகு தீய்ந்த வாடை. மரத்தின் டேனின் நாக்கை இழுத்துப் பிடிக்கும். பார்லியைக் காயவைக்க மக்கிய கரிமண்ணை, அதாவது பீட்டை, எரித்திருந்தால் குவாயகால், பீனால், கிரெசால் எல்லாம் சேரும்.

இந்தப் பட்டியலைப் பார்த்தால் தெரியும், பாதிக்கு மேல் நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியிலும் பழக்கூடையிலும் இருப்பவை. டேனினுக்கு ஆங்கிலத்தில் சரியான நாட்டுச்சொல் கிடையாது. 'டிரை' என்று சொல்லிச் சமாளிக்கிறார்கள். நமக்கோ துவர்ப்பு அறுசுவையில் ஒன்று. வாழைப்பூ, கடுக்காய், பிஞ்சுப் பாக்கு என்று அதற்குள்ளேயே தரம் பிரிக்கத் தெரியும். பால் ஜான் போல்டைக் குடித்து முடித்த பிறகு வாயில் நின்றதை நான் 'கொட்டைப்பாக்கு' என்றேன். பையன்கள் மூவரும் உடனே தலையாட்டினார்கள். ஹெதருக்கு அப்படி யாரும் தலையாட்டவில்லை.

மாமா அன்றைக்கு இரண்டாவதாக ஒன்று சொன்னார். புகை அடங்கியதும் "கம்பெனி ஆஸ்பத்திரி வாசனை வருது" என்றார். பையன்கள் சிரித்தார்கள். சிரிக்க ஒன்றுமில்லை. போல்டுக்குப் பயன்படும் பீட் ஸ்காட்லாந்தின் ஐலா தீவிலிருந்து வருவது. அந்தத் தீவின் விஸ்கிகளில் மருந்து வாசனை உண்டென்று உலகமே எழுதுகிறது. தரை கழுவும் கிருமிநாசினியின் பீனாலும் கிரெசாலும் பீட் புகையின் பீனாலும் கிரெசாலும் ஒரே சரக்குதான். மாமாவின் மூக்கு ரசாயனப் பரீட்சையில் பாஸ்.

அப்படியானால் இந்த மூக்குக்கு ஏன் இத்தனை நாள் வாய் இல்லை? இதற்கு விடை தேட நான் வேறெங்கும் போகவேண்டியதில்லை. எங்கள் ஊரே போதும்.

அயர்லாந்துக்காரரான மைக்கேல் லவெல் 1870களில் மைசூர் அரசிடம் தங்கம் தோண்ட உரிமை வாங்கினார். 1880ஆம் ஆண்டு லண்டன் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் உள்ளே வந்தது. தெற்கே மைசூர் சுரங்கம், அதற்கு மேலே சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம், பாலகாட், கோரமண்டல் என்று வடக்கு நோக்கி ஒரே கீற்றாக ஊர் நீண்டது. கீழே இறங்கினவர்கள் பெரும்பாலும் வட ஆற்காடு, தென் ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து வந்த தமிழர்கள், அதிலும் தலித்துகள். மேலே பங்களாவில் வெள்ளைக்காரர்கள், நடுவில் ஆங்கிலோ இந்தியர்கள். கோல்ஃப் மைதானத்தோடு கிளப் இருந்தது. அங்கே விஸ்கி. தொழிலாளர் லைனில் கள்ளும் சாராயமும்.

விஸ்கிக்கும் சாராயத்துக்கும் உள்ள விலை வித்தியாசத்தைவிட நேர வித்தியாசம் பெரிது என்பது என் எண்ணம். கிளப்பில் உட்கார்ந்து குடிக்கிறவனுக்குச் சாயங்காலம் முழுக்க அவனுடையது. ஷிஃப்ட் முடிந்து மேலே வருகிறவனுக்கு அப்படியில்லை. சாம்பியன் ரீஃபின் அடியில், மூன்று கிலோமீட்டருக்கும் கீழே, பாறையின் சூடே 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அங்கே எட்டு மணி நேரம் இருந்துவிட்டு வந்தவன் நின்றபடி ஒரே மூச்சில் ஊற்றிக்கொண்டு போவான். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிறவனிடம் வாசனை எப்படி என்று கேட்பதில் என்ன நியாயம்? அதனால் அவனுடைய சொற்கள் வேறு இடத்தில் வளர்ந்தன. எவ்வளவு, எவ்வளவு சீக்கிரம் என்ற இரண்டில். ஸ்மால், லார்ஜ், கட்டிங், குவார்ட்டர், ஆஃப், ஃபுல். ஏறுது, தூக்குது, இறங்கிடுச்சு, மட்டையாயிட்டான். அளவுக்கும் விளைவுக்கும் இத்தனை நுட்பமாகச் சொல் வைத்திருக்கிற மொழியை நான் அதிகம் பார்த்ததில்லை. ருசிக்கு மட்டும் இரண்டே சொல்: 'நல்லா கீது', 'கசக்குது'.

வெட்கமும் ஒரு காரணம், அதைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது. மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் வேர்விட்டது. 1914-ல் அவர் மறைந்த பிறகு அந்த வேலையைத் தொடர்ந்தவர்களில் முக்கியமானவர் இந்த ஊர்க்காரரான அப்பாதுரையார். பஞ்சசீலத்தின் ஐந்தாவது சீலமே மது விலக்கு. சாதியின் பேரால் 'குடிகாரர்கள்' என்று முத்திரை குத்தப்பட்ட மக்களுக்கு, குடிக்காமல் இருப்பது ஒரு மானப் பிரச்சினை. அந்த மண்ணில் ருசி பேசுவது துரோகமாகத் தெரிந்திருந்தால் அதில் ஆச்சரியமில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம், கிருஷ்ணகிரியையும் உள்ளடக்கிய அன்றைய சேலம் மாவட்டத்தில், ராஜாஜி 1937 அக்டோபரில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1948-ல் சென்னை மாகாணம் முழுக்கப் பரவியது. 1971-ல் கருணாநிதி எடுத்தார், 1974-ல் திரும்ப வந்தது, பிறகும் போவதும் வருவதுமாக இருந்தது. ஒளிந்து குடித்தால் வேகமாகக் குடிக்க வேண்டும். இன்றைய டாஸ்மாக் கடை வாசலிலும் அதே அவசரம்தான். கம்பிக்குள் கையை நீட்டி வாங்குகிறவன் வாசனை பற்றிக் கேட்டால் பின்னால் நிற்கிற வரிசை விடாது.

எங்கள் வீட்டுப் பெண்களிடம் கேட்டால் இந்த ஆராய்ச்சியே வேண்டாம் என்பார்கள். சம்பள நாளில் என்ன நடந்தது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். கர்நாடக அரசு 2007 ஜூலை 1 முதல் சாராயத்தைத் தடைசெய்தது. மறுவருஷம் மே மாதம், கள்ளச்சாராயம் பெங்களூர் ஓரத்திலும் கோலார் மாவட்டத்திலும் கிருஷ்ணகிரிப் பக்கத்திலும் சுமார் 150 பேரைக் கொன்றது. செத்தவர்கள் ருசி பார்த்துக் குடித்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்றும் சொல்ல முடியாது. கள்ளச்சாராயத்தில் ஆளைக் கொல்கிற மெத்தனாலுக்கும் சாதாரண எத்தனாலுக்கும் மூக்கில் பெரிய வித்தியாசம் தெரியாது. இந்த இடத்தில் ருசிப் பேச்சுக்கு நான் எந்தப் புண்ணியமும் தேடப்போவதில்லை.

ஆனால் ஒன்று. இந்தப் பேச்சே நமக்கு அந்நியம் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மூங்கில் குழாயில் அடைத்து முதிரவைத்த தேன் தேறலைத் திருமுருகாற்றுப்படையும் மலைபடுகடாமும் சொல்கின்றன. தேறல் என்ற சொல்லே தெளிந்தது என்று பொருள்படுவது. நாள்பட்ட தேறலின் காரத்தைத் தேள் கொட்டினதற்கு ஒப்பிடும் உவமை புறநானூற்றில் அவ்வையின் பாட்டில் இருக்கிறது. முதிர்ச்சிக்கு ஒரு சொல், காரத்துக்கு ஓர் உவமை, ஊறவைத்த கலத்தின் பேர்: இன்றைக்குப் பாட்டில் அட்டையில் அச்சடிக்கிற ருசிக் குறிப்பில் இதற்கு மேல் என்ன இருக்கிறது? அவ்வை பாடிய அதியமானின் தகடூர், இன்றைய தருமபுரி, எங்களுக்குத் தெற்கே பஸ் போகிற தூரம்தான்.

இனி அந்த மூன்று சரக்குக்கு வருகிறேன். ஒரிஜினல் சாய்ஸின் டெட்ரா பாக்கெட்டில் 42.8 சதவீதம் என்று அச்சடித்திருந்தது. நம் நாட்டு விஸ்கி, பிராந்தி, ரம் பெரும்பாலானவற்றில் இந்த எண்தான். 42 இல்லை, 43 இல்லை, ஏன் இந்தப் புள்ளி எட்டு? பிரிட்டிஷ்காரர்களின் 'புரூஃப்' கணக்கு இது. வெடிமருந்தை மதுவில் நனைத்துப் பற்றவைத்தால் பிடித்துக்கொள்ளும் வீரியத்தை நூறு என்று வைத்தார்கள், அது 57.1 சதவீதம். அதில் முக்கால் பங்கு 42.8. வெள்ளைக்காரன் போய், பவுண்டு போய், காலணா போய், இது மட்டும் லேபிளில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இதைச் சொன்னபோது மாமாவுக்கு ஒரே சந்தோஷம். "வெடிமருந்து வெச்சா டெஸ்ட் பண்ணான்? அப்ப நம்ம சரக்குதான்" என்றார்.

அந்தப் பாக்கெட்டும் பால் ஜான் பாட்டிலும் ஒரே கம்பெனியின் பிள்ளைகள் என்பது பையன்களுக்குத் தெரியாது. பெங்களூரின் ஜான் டிஸ்டில்லரீஸ் ஒரிஜினல் சாய்ஸை விற்று வளர்ந்தது. உலகில் அதிகம் விற்கும் விஸ்கிகளின் பட்டியலில் அது இடம்பிடித்தது. அதே கம்பெனி கோவாவில் பார்லி மால்ட் காய்ச்சி, 2012-ல் லண்டனில் பால் ஜான் சிங்கிள் மால்ட்டை வெளியிட்டது. ஒரிஜினல் சாய்ஸ் மாதிரியான மலிவு ரகம் பொதுவாகக் கரும்பு மொலாசஸிலிருந்து காய்ச்சிய வாசனையற்ற ஆல்கஹாலை அடிப்படையாக வைத்துச் செய்யப்படுவது. ஐரோப்பாவில் அதை விஸ்கி என்று சொல்லி விற்க முடியாது. நாங்கள் அதையும் அதே மரியாதையோடு முகர்ந்தோம். எசன்ஸ் போட்ட கேக், கொஞ்சம் வார்னிஷ். தண்ணீர் ஊற்றினதும் ஒன்றும் மிஞ்சவில்லை. அது மூக்குக்காகச் செய்யப்பட்டதில்லை, அதனால் குறை சொல்வதிலும் அர்த்தமில்லை.

அம்ருத்தின் கதை இன்னும் சுவாரசியம். 1948-ல் பெங்களூரில் ராதாகிருஷ்ண ஜக்டாலே ஆரம்பித்த கம்பெனி. மைசூர் ரோட்டில் கம்பிபுராவில் ஆலை. பேரன் ரக்ஷித் இங்கிலாந்தில் படித்தபோது தோன்றிய யோசனைப்படி, 2004 ஆகஸ்டில் இவர்களுடைய சிங்கிள் மால்ட் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. எங்கே? ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில். நெல்லூரில் போய் அரிசி விற்ற கதை. 2010-ல் ஜிம் மர்ரி தன் விஸ்கி கையேட்டில் ஃப்யூஷனுக்கு 97 மார்க் போட்டு, உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கி என்றார். எங்கள் ஊரிலிருந்து நூறு கிலோமீட்டர் தள்ளி ஊறின சரக்கு, மார்க் வாங்க அவ்வளவு தூரம் போய்விட்டு வந்தது. மார்க்கைப் பற்றி மேலே நான் சொன்னதை இந்த ஒரு இடத்தில் மட்டும் கொஞ்சம் அடக்கி வாசிக்கிறேன்.

ஃப்யூஷன் என்ற பேருக்குக் காரணம் பார்லி: முக்கால் பங்கு நம் நாட்டுப் பார்லி, கால் பங்கு பீட் புகை ஏற்றிய ஸ்காட்லாந்துப் பார்லி. இதைவிட முக்கியம் இங்குள்ள வெயில். ஸ்காட்லாந்தின் குளிரில் பீப்பாயிலிருந்து வருஷத்துக்கு இரண்டு சதவீதம் ஆவியாகும். தேவதைகளின் பங்கு என்பார்கள். பெங்களூரில் பத்துக்கு மேல். 200 லிட்டர் பீப்பாயை வைத்துக் கணக்குப் போட்டால், ஸ்காட்லாந்தில் 12 வருஷம் கழித்தும் 157 லிட்டர் இருக்கும். இங்கே வருஷத்துக்குப் பத்து என்று வைத்தாலே, நாலு வருஷத்தில் 131, எட்டு வருஷத்தில் 86. அதனால் இங்கே 12, 18 என்று வயதைப் போட்டுப் பெருமையடிக்க வழியில்லை. நாலைந்து வருஷத்திலேயே மரம் தன் வேலையை முடித்துவிடுகிறது. வயதை வைத்து விஸ்கியை மதிக்கிற பழக்கம் குளிர்நாட்டுப் பழக்கம், அதை இங்கே இறக்குமதி செய்வது வீண். பிரிட்டனோடு 2025 ஜூலையில் கையெழுத்தான ஒப்பந்தப்படி ஸ்காட்ச் மேல் 150 சதவீதமாக இருந்த சுங்கவரி முதலில் 75 ஆகவும், பத்து வருஷத்தில் 40 ஆகவும் இறங்கவேண்டும். வயசான பாட்டில்கள் மலிவாக வரும்போது இந்தப் பழக்கம் இன்னும் முற்றும் என்பது என் பயம்.

ஃப்யூஷன் 50 சதவீதம். மாமா வழக்கம்போல் பாதிக்குப் பாதி தண்ணீர் ஊற்றப் போனார். பையன்கள் தடுத்தார்கள்: மால்ட்டில் தண்ணீர் ஊற்றக் கூடாதாம். இதுவும் போனில் படித்தது. 2017-ல் சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் கணினியில் கணக்கிட்டுப் பார்த்து, வீரியம் 45 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போது குவாயகால் மேல்பரப்பில் நிற்கிறது, வீரியம் மிக அதிகமானால் உள்ளே அமுங்கிவிடுகிறது என்று எழுதினார்கள். கொஞ்சம் தண்ணீர் புகையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறது. மாமா ஊற்றின அளவு ரொம்ப அதிகம், பையன்கள் ஊற்றவே விடாதது ரொம்பக் குறைவு. நான் ஒரு ஸ்பூன் ஊற்றிக் கொடுத்தேன். முகர்ந்துவிட்டு, "வெல்லப்பாகு காயறப்ப அடி பிடிச்சா வரும் பாரு" என்றார். பிறகு ஒரு பையன், முதல் தடவையாகப் போனைப் பார்க்காமல், "ஆரஞ்சுத் தோலை நெருப்புல போட்ட மாதிரி" என்றான். இன்னொருவன் "பெரிய கோயில் இல்லண்ணே, சின்ன கோயில் சாம்பிராணி" என்றான். என்ன வித்தியாசம் என்று கேட்டேன். "சின்ன கோயில்ல எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து வரும்" என்றான். இதைவிடத் துல்லியமான குறிப்பை நான் எந்தக் கையேட்டிலும் படித்ததில்லை.

அன்று ஐந்து பேரும் சேர்ந்து குடித்தது மாமா ஒரு காலத்தில் தனியாகக் குடித்ததைவிடக் குறைவு. பேசிக்கொண்டிருந்ததில் நேரம் போய்விட்டது.

காலையில் அத்தை டம்ளர்களை எடுக்க வந்தார். ராத்திரி முழுக்கக் காய்ந்த டம்ளரில்தான் மரத்தின் வாசனை நன்றாகத் தெரியும் என்று படித்திருந்ததால், கழுவ வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, ஃப்யூஷன் இருந்த டம்ளரை அவரே மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"கருப்பட்டி டப்பா காலியானப்புறம் அடியில ஒட்டிக்கினு இருக்குமே, அது. கூட சுக்கு" என்றார். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். அவர் மற்ற பாத்திரங்களோடு சேர்க்காமல், ஐந்து டம்ளரையும் வெளியே குழாயடிக்குக் கொண்டுபோய்த் தனியாகத் தேய்த்தார்.